வெறி: களம் இழந்த சொல்

வெறி என்ற சொல்லை இன்று நாம் கட்டுக்கடங்காத உணர்ச்சிக்குப் பயன்படுத்துகிறோம். சொல்லின் பழைய வாழ்வு இதற்கு நேர் எதிரானது. சங்கப் பாடல்களில் வெறி ஒரு சடங்கின் பெயர். மகள் மெலிகிறாள், முருகு அணங்கியதென்று தாய் நம்பி வேலனை அழைக்கிறாள். களம் இழைப்பது, கண்ணி சூட்டுவது, செந்தினையைக் குருதியோடு தூவுவது, கழங்கு பார்த்துக் காரணம் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. தொல்காப்பியம் புறத்திணையில் இதற்குக் காந்தள் என்று ஒரு துறையே வகுத்தது. ஐங்குறுநூற்றில் கபிலரின் குறிஞ்சி நூறில் ஒரு பத்து வெறிப்பத்து. வெறியைப் பாடியே பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார்.

ஆங்கிலத்து 'ஃப்ரென்ஸி' மனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நோயின் பெயராக மாறி வந்தது. உள்ளே தோன்றும் கோளாறு அது. தமிழ் வெறியோ வெளியிலிருந்து வந்து இறங்குவது. வெறிக்கு மணம் என்றும் பொருள் உண்டு. மணமும் அனுமதி கேட்டு வருவதில்லை.

ஆனால் அகப்பாடல்களின் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. மகளின் நோய்க்குக் காரணம் முருகன் அல்ல, மலைநாடன். காமக்கண்ணியாரின் அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் (22) இரவில் காதலன் வந்துபோக நோய் தணிகிறது, பெயர் வேலனுக்குப் போகிறது, அவள் சிரிக்கிறாள். வெறி ஒரு தவறான விளக்கமாகவும் இருக்கக்கூடும் என்பது அன்றே தெரிந்திருந்தது.

பிறகு சொல் களத்தைவிட்டு வெளியேறிற்று. ஈழத்தில் அது குடிமயக்கம். இங்கே நாய்க்குப் பிடிப்பது. அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களில் சாமியாடியைப் பார்த்து அருள் வந்தது என்பார்களே தவிர வெறி என்று சொல்லமாட்டார்கள். சடங்கு இருக்கிறது, சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. மதவெறி, இனவெறி, சாதிவெறி.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதைச் சாதிவெறி என்கிறோம். கண்டனமாகத்தான் சொல்கிறோம். ஆனால் களத்தில் ஆடுகிறவன் தன் வசத்தில் இல்லை, ஆட்டுவிப்பது சாமி. அந்தப் பழைய பொருள் சொல்லின் அடியில் இன்னும் இருக்கிறது. வெறி என்றதும் செய்தவன் நழுவிவிடுகிறான். நெல்லும் கூலியும் சங்கக் கொடியும் நிலமும் சேர்ந்து உண்டாக்கிய, கணக்குப் பார்த்துச் செய்த ஒரு காரியம், எங்கிருந்தோ வந்து இறங்கியதாக ஆகிவிடுகிறது.

தாய் காரணம் தெரியாமல் வேலனை அழைத்தாள். நாம் காரணம் தெரிந்தே அழைக்கிறோம்.