வேலுக்கு ஊர் உண்டா?

பழைய வேல் ஒன்றைக் கண்டால், "இது எவ்வூரில் வடித்தது?" என்று கேட்கத் தோன்றும். இலையின் வடிவை நோக்கி விடை சொல்ல முனைகிறோம். வடிவமோ ஊர்விட்டு ஊர் செல்லும், இரும்பும் அவ்வாறே. தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களுள் ஐரோப்பிய அலகுக்கு இந்நாட்டுப் பிடி பொருத்திய வாள்களும் உண்டு. வடிவத்தை மட்டும் நம்பலாகாது.

காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யற்கரைக் கொடுமணல் உறுதியான வழியைக் காட்டுகிறது. பதிற்றுப்பத்து அவ்வூரைக் கொடுமணம் என அருங்கலங்களுக்காகக் குறிக்கிறது. 1985 முதல் நடந்த அகழாய்வுகளோ இரும்புருக்கு உலைகளையும் கசடுகளையும் வெளிக்கொணர்ந்தன; ஈமக்குழிகளில் இரும்புப் படைக்கலங்களும் கிடைத்தன. உலையும் கருவியும் ஓரிடத்தில் இருப்பதால், இங்கேயே வடித்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. சங்கப் பாடல்களில் 'எஃகு' என்னும் சொல் வேலையும் குறிப்பது எண்ணத்தக்கது.

1899க்கும் 1905க்கும் இடையே ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்பு வேல்கள் இன்றும் நம்மோடு பேசுகின்றன. எங்கே கிடைத்தவை என்பது பதிவாகியிருப்பதே காரணம்.

நம் குலதெய்வக் கோயில்களிலும் பழைய வேல்கள் ஊன்றி நிற்கின்றன. திருப்பணியின்போது அவற்றைப் பழைய இரும்பென எடைக்குப் போட்டுவிட்டால், வேலோடு அதன் வரலாறும் போய்விடும். யார் கொடுத்தது, எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு, ஒரு தாளிலேனும் எழுதி வைப்போம். பின்னால் வருவோர்க்கு அதுவே சான்று.