நகரும் நிலம்

பொறுமைக்கும் நிலைபேற்றுக்கும் நிலத்தையே உவமையாகக் கூறுவது நம் மரபு. அந்நிலமே இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நகைக்கத்தானே தோன்றும்? ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர் சொன்னபோது நிலநூலார் பலர் நகைக்கவே செய்தனர்.

வெகனர் வானிலை ஆராய்ச்சியாளர். 1912ஆம் ஆண்டு ஜனவரியில் பிராங்க்பர்ட் நகரில் தம் கருத்தை முதன்முதலாக வெளியிட்டார். 1915இல் அதனை நூலாக்கினார். தென் அமெரிக்காவின் கீழ்க்கரையும் ஆப்பிரிக்காவின் மேல்கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் படத்தில் காணலாம். விளிம்பு மட்டும் பொருந்தினால் போதாது. கிழிந்த செய்தித்தாளை ஒட்டும்போது வரிகளும் தொடர்ந்து ஓடவேண்டும் என்பது வெகனரின் வாதம். வரிகளும் ஓடின. மெசோசாரஸ் என்னும் சிறிய நீர்வாழ் பிராணியின் எலும்புகள் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே கிடைத்தன. நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளில் காணப்படும் குளோசாப்டெரிஸ் என்னும் செடியின் இலைப்பதிவுகள், ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டன.

மறுத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். கண்டங்களை நகர்த்தும் ஆற்றல் யாது என்று அவர்கள் வினவினர். புவியின் சுழற்சியையும், ஞாயிறு திங்கள் ஆகியவற்றின் ஈர்ப்பையும் வெகனர் காட்டினார். அவ்விசைகள் மிகச் சிறியவை என்று ஹெரால்டு ஜெப்ரீஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். இங்கே வெகனர் பிழைபட்டார். 1930 நவம்பரில், கிரீன்லாந்தின் நடுப் பனிவெளியில் தங்கியிருந்த தோழர்களைக் கண்டு திரும்பும் வழியில் அவர் உயிர்நீத்தார். அகவை 50.

விடை கடலடியில் இருந்தது. 1950களில் மேரி தார்ப் என்னும் அமெரிக்கப் பெண்மணி, ஒலியலையால் அளந்த கடலாழங்களைப் படமாக வரைந்தார். அட்லாண்டிக் மாகடலின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நெடும் பிளவு ஒன்று தென்பட்டது. உடன் பணியாற்றியவரே முதலில் அதனை நம்பவில்லை. அத்தகைய பிளவுகளில் உருகிய பாறை மேலெழுந்து, புதிய கடற்றளமாகி இருபுறமும் விலகுகிறது என்று 1962இல் ஹாரி ஹெஸ் விளக்கினார். கடலடிப் பாறைகளில் பதிந்துள்ள காந்தப் பட்டைகளே அதற்குச் சான்று என்று 1963இல் வைன், மாத்யூஸ் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர்.

ஆகவே, கண்டங்கள் தனித்து மிதந்து செல்லவில்லை. கண்டமும் கடற்றளமும் சேர்ந்த பெரும் பாறைத்தட்டுகளே நகர்கின்றன. அவற்றின் நடை ஆண்டுக்குச் சில அங்குலமே. அவை விலகுமிடத்தில் கடல் விரிகிறது. மோதுமிடத்தில் மலை எழுகிறது. நம் நாட்டைத் தாங்கும் தட்டு வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது, இமயம் எழுந்தது. கடல்வாழ் உயிர்களின் சுவடுகள் இன்று எவரெஸ்டின் உச்சிப் பாறையில் உள்ளன. அத்தட்டு சுமத்ராவின் மேற்கே மற்றொன்றின்கீழ்ப் புகுமிடத்தில் 2004 டிசம்பர் 26 அன்று நிலம் நடுங்கிற்று. எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்துக் கரையில் பல்லாயிரவர் உயிரைக் குடித்தது.

மாணவ நண்பர்களே, வெகனர் கூறிய காரணம் வீழ்ந்தது. அவர் கண்ட உண்மை நின்றது. ஒன்று எவ்வாறு நிகழ்கிறது என்று விளங்கவில்லை என்பதற்காக, அது நிகழவே இல்லை என்று முடிவுகட்டலாகாது. சான்றுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே முதற்கடமை.