சமையல் மேடையும் பிளக் பாயிண்டும்: திட்டக்குடி – விருத்தாசலம் பகுதியில் அடுக்களை உயரத்தின் வரலாறு

வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடியிலும் அதன் கிழக்கே உள்ள விருத்தாசலத்திலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, இரண்டு தலைமுறைக்கு முன்புவரை சமையல் என்பது தரையில் நடந்த வேலை. மண் அடுப்பு, கொடியடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை ஆகிய எல்லாமே உட்கார்ந்தோ குந்தியோ வேலை செய்பவருக்காக அமைந்தவை. பாத்திரம் கழுவும் இடமும் தரை மட்டத்தில்தான் இருந்தது. ஆகவே மேடை எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கே அன்று இடமில்லை.

அடுப்பை இடுப்பளவுக்கு உயர்த்தியதில் பெரும்பங்கு சமையல் எரிவாயுவுக்கு உண்டு. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் 'இண்டேன்' இணைப்பு 1965இல் கொல்கத்தாவில் தொடங்கியது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டரைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரத்தில் வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. வீட்டுச் சிலிண்டரின் உயரம் இரண்டடிக்குச் சற்று மேல். ரெகுலேட்டருக்கும் ரப்பர் குழாய்க்கும் இடம் விட்டு, அதன்மேல் கடப்பாக்கல் பலகையைப் பதித்தால் மேடை ஏறக்குறைய இரண்டரை அடிக்கு வந்துவிடும். சமைப்பவரின் முழங்கை எங்கே இருக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. சிலிண்டர் உள்ளே போகிறதா என்பதே அளவாக இருந்தது.

ஒரே அளவு யாருக்குப் பொருந்தும்?

மேலை நாடுகளின் கதையும் இதற்கு வெகு தூரமில்லை. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷுட்டே-லிகோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறையில், உட்கார்ந்தபடி வேலை செய்யச் சுழல் முக்காலி ஒன்று இடம்பெற்றது. அமெரிக்கப் பொறியாளர் லில்லியன் கில்பிரத், மேடை உயரம் அதில் வேலை செய்பவரின் உயரத்தைப் பொறுத்து மாற வேண்டும் என்றார். ஆனால் அலமாரித் தொழிற்சாலைகளுக்கு ஒரே அளவுதான் வசதி. 36 அங்குலம் என்பது அங்கே நிலைபெற்றது. இந்தியாவில் 'மாடுலர் கிச்சன்' பரவியபோது அந்த அளவின் சாயலும் கூடவே வந்தது.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அப்படி ஒருவர் நிமிர்ந்து நின்றால் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 96 செ.மீ. உயரத்தில் இருக்கும். காய் நறுக்கவும் மாவு பிசையவும் முழங்கைக்குப் பத்து முதல் பதினைந்து செ.மீ. கீழே மேடை இருப்பது நல்லது. கணக்குப் போட்டால் 81 முதல் 86 செ.மீ., அதாவது 32 முதல் 34 அங்குலம். அடுப்பு வைக்கும் இடத்திற்கு இது பொருந்தாது. அடுப்பே நான்கைந்து அங்குலம். அதன்மேல் குழம்புச் சட்டி அரையடி. துழாவும் கை முழங்கைக்கு மேலே தூக்கியபடியே இருக்கும். தோள் வலி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அடுப்புப் பகுதியை மட்டும் மூன்று நான்கு அங்குலம் தாழ்த்திக் கட்டச் சொன்னால், கல் ஒரே மட்டத்தில் ஓடாதே என்று கொத்தனார் தயங்குவார். பார்வைக்கு அழகு குறைவுதான். தினம் மூன்று வேளை சமைப்பவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். கழுவுதொட்டியின் கணக்கு இதற்கு நேர்மாறு. கை தொட்டியின் அடிவரை செல்வதால் அதன் விளிம்பு சற்று உயர்ந்திருப்பதே முதுகுக்கு நல்லது.

மின்சாரம் வந்த உயரம்

இப்பகுதி மின்சாரத்தோடு நெருங்கிய உறவுடையது. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1962 முதல் மின்சாரம் உற்பத்தி செய்கிறது. நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுக்கப்பட்ட வெண்களிமண் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று. பொம்மை, அகல் விளக்கு ஆகியவற்றோடு, மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் காப்பான்களும் பியூஸ் கட்டைகளும் அங்கே உருவாயின.

பழைய வீடுகளில் சுவிட்சுகளும் பிளக் பாயிண்டும் ஒரே மரப்பலகையில், தரையிலிருந்து நான்கு நான்கரை அடி உயரத்தில் இருந்தன. குழந்தையின் கையும் தரை ஈரமும் எட்டக்கூடாது என்பது காரணம். விளக்கும் மின்விசிறியும் மட்டும் இருந்த காலத்தில் இது சரியாகவே இருந்தது. கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி உருவாக்கிய மின் கிரைண்டரும், பின்னர் மிக்சியும் வீடுகளுக்கு வந்தபோது சிக்கல் தொடங்கியது. பெரிய கிரைண்டர் தரையில். பிளக் தலைக்கு நேரே. நடுவே ஈரக்கை படும் இடத்தில் வயர் தொங்கும்.

2006இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2011 செப்டம்பரில் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. அடுப்போடு மேடையும், மேடையோடு மிக்சியும் சிறிய வீடுகளுக்குள் நுழைந்த காலம் இது. பொருள் வந்தது, அதற்கான பிளக் பாயிண்ட் பல வீடுகளில் இல்லை. கூடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுப்பது வழக்கமாயிற்று. கழுவுதொட்டி அருகே அந்தப் பெட்டி கிடப்பதுதான் அடுக்களையின் மிகப் பெரிய ஆபத்து.

மேடைப் பரப்பிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம் மேலே, அடுப்புக்கும் தொட்டிக்கும் நேர் மேலே வராதபடி பாயிண்ட் இருந்தால் வயர் தொங்காது, தண்ணீரும் தெறிக்காது. மிக்சிக்கு 6 ஆம்பியர் போதும். 2000 வாட் மின்தூண்டல் அடுப்புக்கு 16 ஆம்பியர் வேண்டும். மூன்று முள் பிளக்கில் நில இணைப்பு முள் நீளமாக இருப்பது, மின்சாரம் பாயுமுன் அது முதலில் தொடவேண்டும் என்பதற்காகவே. அந்த முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் பாயிண்டில் செருகுவது உயிருக்கு உலை.

முதியோருக்கும் சக்கர நாற்காலியில் இருப்போருக்கும் உயரம் இன்னொரு கேள்வி. பிரிட்டனில் 1999 முதல் புதிய வீடுகளில் பிளக் பாயிண்டும் சுவிட்சும் தரையிலிருந்து 45 முதல் 120 செ.மீ.க்குள் அமைய வேண்டும். இங்கே வீடுகளில் அது கட்டுகிறவரின் விருப்பத்துக்கே விடப்படுகிறது. வீடு கட்டும்போது சுவரில் காடி வெட்டும் நாளன்று, சமைப்பவரை அங்கே நிறுத்தி முழங்கை உயரத்தைக் கரிக்கட்டியால் குறித்தால் செலவு ஏதுமில்லை. கல் பதித்த பிறகு மாற்றுவது பெருஞ்செலவு.

மேடை வந்த வீடுகளிலும் மீன் அறுக்க அரிவாள்மனையோடு கொல்லைப்புறத்தில் உட்காருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.