'நாம்' என்பது யார்? – 2015 வெள்ளமும் ஏரி வாரியமும்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. மழை. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் அடங்காமல் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் புகுந்தது. "கவர்மெண்டு வரல, நாமளே நம்மளப் பாத்துக்கிட்டோம்" என்கிறார்கள் அங்கே. பொய்யில்லை. மொட்டைமாடியில் பொங்கிய சோற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். மீனவர்கள் படகோடு வந்தார்கள்.

ஆனால் இந்த 'நாம்' யார்? தண்ணி வடிந்ததும் சென்னையின் சேற்றையும் மலத்தையும் அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் தலித்துகள். பலருக்குக் கையுறைகூட இல்லை. அவங்க உடம்ப யாரு பாத்துக்கிட்டாங்க? நம் வெள்ளக் கதையாடல்களில் இக்கேள்வியே அபூர்வம்.

இந்த விடுபடலுக்கு வயது அதிகம். தாம்பரத்திற்குத் தென்மேற்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் 'ஏரி வாரியம்' பற்றிச் சொல்கின்றன. ஏரியைக் காக்க ஊரே ஆள் தேர்ந்தெடுத்தது, குடவோலை ஜனநாயகம் என்று பூரித்துப்போகிறோம். அந்தக் குடத்தில் பெயர் விழ வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலமற்று ஏரியில் மண் சுமந்தவன் அந்த 'ஊரில்' சேர்த்தியில்லை.

ஆக, பேரிடரில் சமூகம் தன்னைக் காத்துக்கொள்வது என்பது யாரைச் சமூகமாக எண்ணுகிறோம் என்பதில்தான் தொடங்குகிறது. அடுத்த மழைக்கு முன்னால் நலச்சங்கங்கள் படகு, அரிசி, மெழுகுவர்த்தி என்று பட்டியல் போடுகையில் கையுறை, பூட்ஸ், தடுப்பூசி, கூலி இவற்றையும் எழுதணும். எழுதும்போது அந்தப் பணியாளர்களும் கூட உட்கார்ந்திருக்கணும்.