கடலாடிய ஒரு சங்கம்

நம் காலனியில் கடலைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பூரியிலே போய்த்தான் முடியும். கரக்பூரில் இரவு வண்டி ஏறினால் பொழுது புலரும் வேளையில் ஜகந்நாதர் ஊர். பாஸ் இருக்கிறது; கட்டுச்சாதம் இருக்கிறது; பிள்ளைகளுக்கு விடுமுறையும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? ஆதலின் இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பெரும்பாலோர் பூரிக் கடலில் ஒரு முறையேனும் முழுகி எழுந்தவராகவே இருப்பர். கூம்பு போன்ற வெள்ளைத் தொப்பி தரித்த நுலியாக்களையும் அறிந்திருப்பர். தெலுங்கு பேசும் அம்மீனவர், கூலி பெற்றுக்கொண்டு, நம் மணிக்கட்டைப் பற்றி அலைக்குள் அழைத்துச் சென்று முழுக்காட்டிக் கரை சேர்ப்பவர்.

1990ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. என் தந்தையாரின் அலுவலக நண்பர்கள் நால்வர் தத்தம் குடும்பத்தோடு பூரிக்குச் சென்றனர், நாங்களும் சென்றோம். அந்நால்வருள் ஒருவரைக் காலனிப் பிள்ளைகள் அனைவரும் மாமா என்றே அழைப்போம். வாயைத் திறந்தால் வேடிக்கைதான். நுலியா வந்து கூலி கேட்டார். "காவேரி வெள்ளத்தில் எருமையின் வாலைப் பிடித்து அக்கரை போனவன் நான், என் கையைப் பிடிக்கக் கூலியா?" என்று சொல்லி மாமா தனியே இறங்கிவிட்டார். அலைக்கு அலை அவர் கூச்சல் கேட்டது. கரையில் இருந்தவர் சிரித்தனர். பின்னர்க் கூச்சல் நின்றது. எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. என் தந்தையார் மட்டும் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்ன இது, இவன் சத்தத்தையே காணோமே!" என்றார். கூலி மறுக்கப்பட்ட அதே நுலியாதான் பாய்ந்து சென்று அவரை இழுத்து வந்தார். நீரைக் கக்கி, மூச்சுத் திரும்பி, மாமிக்கு அழுகை அடங்காத நேரத்தில், மாமா ஈனசுரத்தில் கேட்டார்: "பார்சல் வந்து சேர்ந்ததா? யார் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வது?"

முழுகுகிறவன் கூவுவதில்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அக்கண நேரம் மூச்சை இழுக்கவே போதாது, கூவுதற்கு ஏது? கையை உயர்த்தி அசைக்கவும் இயலாது. அவை தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். ஆதலால் கடலில் அஞ்சத் தக்கது ஓலம் அன்று, மௌனமே.

நிற்க. மெட்ரிகுலேஷனோடு கல்வியை முடித்துக்கொண்டவன் நான். எஞ்சிய கல்வி எல்லாம் நம் இன்ஸ்டிடியூட் நூலகம் இட்ட பிச்சை. அங்கே இங்கிலாந்து தேசத்துப் பழைய இருப்புப் பாதைகளைப் பற்றி வாசிக்கப் புகுந்தவன், பாதை முடியும் இடத்தில் இறங்கி, பிரைட்டன் நகரத்துக் கடலுக்குள் போய்விட்டேன். அங்கேயும் நுலியாக்கள் இருந்தனர் என்பதைக் கண்டதும் எனக்கு உண்டான வியப்புக்கு அளவில்லை.

பிரைட்டன் லண்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவில் உள்ள கடற்கரை ஊர். ஒரு காலத்தில் நலிந்து கிடந்த மீனவர் ஊராக இருந்தது. 1750இல் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர், கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். குளித்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. (உப்புக் கரிக்கும் நீரை விலை கொடுத்துக் குடிப்பதற்குச் செல்வராய்ப் பிறந்திருக்க வேண்டும் போலும்!) நோயாளிச் சீமான்களும் சீமாட்டிகளும் வந்து குவிந்தனர். நீந்தத் தெரிந்தவர் அவருள் அரியர். குதிரை இழுத்துச் செல்லும் சக்கர மரக்கூண்டில் ஏறி, உள்ளேயே உடை மாற்றி, படிவழியே நீரில் இறங்குவர். அங்கே இடுப்பளவு நீரில் காத்து நின்ற கூலியாட்கள் அவரைப் பிடித்து முக்கி எடுப்பர். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள்.

அவர்களுள் புகழ் பெற்றவர் இருவர். மார்த்தா கன் என்னும் பெருத்த உருவமுடைய மாது 1815இல் இறக்கும் வரை அவ்வூருக்கு அரசியாகவே விளங்கினாள். ஜான் மைல்ஸ் என்பவரை ஸ்மோக்கர் என்று அழைப்பர். வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் 1783இல் முதன்முறை அங்கு வந்தார். பின்னர் நம் நாட்டுக் கும்மட்டங்களைப் போலக் கும்மட்டம் வைத்த அரண்மனையும் அங்கே எழுப்பிக்கொண்டார். கொந்தளித்த கடலில் ஒரு நாள் இளவரசர் இறங்க முற்பட, ஸ்மோக்கர் தடுத்தும் கேளாமையால், வருங்கால மன்னரின் காதைப் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொணர்ந்தாராம். இளவரசர் முழுகினால் தம்மைத் தூக்கிலிடுவார்களே என்பது அவர் சொன்ன நியாயம். மார்த்தாவைப் பற்றிய கதை இன்னும் சுவையானது. அரண்மனை மடைப்பள்ளியில் யாரோ கொடுத்த வெண்ணெயை அவள் ஆடைக்குள் மறைத்துக்கொண்ட சமயத்தில் இளவரசர் உள்ளே வந்துவிட்டார். கண்டும் காணாதவர் போல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவளை அடுப்பின் அருகே நகர்த்தி, வெண்ணெய் உருகி ஒழுகும் வரை பேசிக்கொண்டே இருந்தாராம். இவை நடந்தனவோ, ஊரார் கட்டியனவோ, யாரறிவார்? ஆயினும் கடலுக்குள் கையைப் பிடிக்கிறவனுக்கும் பிடித்துக்கொள்கிறவனுக்கும் இடையே மன்னன் குடி என்னும் வேறுபாடு நில்லாது என்பதை ஊரார் அறிந்திருந்தனர் என்பது மட்டும் உறுதி.

அடுத்து வருவது நம் துறை. 1841ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை இருப்புப் பாதை முழுமையும் திறக்கப்பட்டது. இடையிலே ஊஸ் பள்ளத்தாக்கின் மேல் 37 வளைவுகள் கொண்ட செங்கற்பாலம் ஒன்று இன்றும் வண்டிகளைத் தாங்கி நிற்கிறது. குதிரை வண்டியில் நெடுநேரம் பிடித்த பயணம் மிகவும் சுருங்கிற்று, கட்டணமும் குறைந்தது. மருத்துவர் செல்வரை அழைத்து வந்தார், இளவரசர் நாகரிகத்தை அழைத்து வந்தார். புகைவண்டியோ எல்லோரையும் அழைத்து வந்துவிட்டது. கடைக்காரனும் கைத்தொழிலாளியும் தச்சனும் குமாஸ்தாவும் கடலைக் கண்டனர். இவர்களுக்கு முக்கி எடுக்கக் கூலியாள் அமர்த்தக் கையில் காசில்லை. ஆகவே தாமே நீந்தக் கற்றனர்.

1860இல் பிரைட்டன் நீச்சற் சங்கம் இவ்வாறுதான் தோன்றியது. இங்கிலாந்தில் இன்றளவும் இடையறாது நடந்துவரும் நீச்சற் சங்கங்களுள் மிகப் பழைமையானது இதுவே என்பர். கோமான்கள் கூடித் தொடங்கியதன்று. பெரும்பாலும் ஊர்ச் சிறு வணிகரும் தொழில் புரிவோரும் கடை திறப்பதற்கு முன் காலையில் கூடி நீந்திய கூட்டம். 1863இல் எடுத்த அவர்கள் நிழற்படம் ஒன்று உண்டு. மேனியில் நீச்சல் உடையன்றி வேறொன்றுமில்லை. தலையிலோ சீமான்கள் அணியும் உயரமான பட்டுத் தொப்பி! அக்காலத்தில் படம் எடுப்போர் அசையாது நிற்க வேண்டும். சிரித்தால் படம் கெடும். ஆகவே நீதிபதிகளைப் போல் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றனர். அப்படத்தைக் காணும்தோறும் நம் ஆண்டுவிழாக் குழுப்படம் என் நினைவுக்கு வருகிறது. நாமும் அவ்வாறே விறைத்து நிற்கிறோம். தொப்பி ஒன்றுதான் குறை.

இவர்களுள் காப்டன் காம்ப் என்பவர் ஒற்றைக் காலர். அவரே கடலில் தேநீர் விருந்து நடத்தியவர். தட்டும் கோப்பையும் நீர்மேல் மிதக்க, விருந்தினர் கழுத்தளவு நீரில் இருந்துகொண்டே பருகுவர். கடற்கரையில் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும். ஒரு கால் இழந்தவர், தரையில் கோல் ஊன்றி நடந்தவர், நீரில் விருந்து படைக்கிறார்! பார்த்தவர் சிரித்திருப்பர், ஆனால் அவரைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள், அவரோடு சிரித்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

அக்காலத்தில் நீச்சல் பயிற்றியவரும் நீரில் வித்தை காட்டியவரும் தம்மைப் 'பேராசிரியர்' என்றே அழைத்துக்கொண்டனர். பேராசிரியர் ரெட்டிஷ் என்பவர் மேற்குத் துறைமேடையிலிருந்து சைக்கிள் மிதித்தபடியே கடலில் பாய்ந்தார். கல்லூரி வாயிலை மிதியாத எனக்கு இப்பட்டத்தின் மேல் ஓர் ஆசை உண்டு, சைக்கிளும் இருக்கிறது, துணிவுதான் இல்லை.

இவ்வேடிக்கைகளை வெறும் விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. அக்கடலின் இயல்பை அறிந்தால் காரணம் விளங்கும். அது நம் பூரியைப் போல் மணற்கரையன்று. கூழாங்கற்கள் சரிந்திறங்கும் கரை. குளிர்காலத்தின் முடிவில் நீர் 7, 8 டிகிரி வரை குளிரும். அந்நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு தானே திணறும். அப்போது வாயில் நீர் புகுந்தால் நன்றாக நீந்துபவனும் முழுகுவான். பதறாமல் அந்த ஓரிரு நிமிடங்களைக் கடத்துவதே கலை. பக்கத்தில் ஒருவன் ஏதேனும் உளறிக்கொண்டிருந்தால், அதற்கு விடையாக ஒரு சொல் சொல்ல முயன்றாலே மூச்சு ஒழுங்குக்கு வரும். விடை வரவில்லையெனில் அவனைக் கவனிக்க வேண்டும். கரையேறிய பின்னும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. சிறிது நேரம் உடலின் உட்சூடு இறங்கிக்கொண்டே போகும். கை நடுங்கிக் கோப்பைத் தேநீர் பாதி மார்பிலே கொட்டும். எவன் கோப்பையில் எவ்வளவு மிஞ்சியது என்று கேலி செய்வது வம்புக்காக அன்று. எவன் அளவுக்கு மீறி நடுங்குகிறான் என்று பார்ப்பதற்கே. மார்த்தாவும் ஸ்மோக்கரும் கூலிக்குச் செய்த வேலையை நண்பர்கள் கேலியால் செய்தனர், இவ்வளவே வேறுபாடு.

1875 ஆகஸ்டில் காப்டன் மாத்யூ வெப் டோவரிலிருந்து பிரான்சுக் கரை வரை 21 மணி 45 நிமிடத்தில் நீந்தி முடித்தபின் நீச்சல் ஒரு தேசியப் பித்தாகவே ஆயிற்று. அவரும் தனியே போகவில்லை. உடன் படகு சென்றது, படகிலிருந்து உணவும் பானமும் கொடுத்தனர். நமக்கு அண்மையிலுள்ள சான்று கல்கத்தாவின் ஆரதி சாகா. இரயில்வே ஊழியராகவும் இருந்தவர் என்பதால் நமக்கு அவர்மேல் உரிமை ஒரு பங்கு கூடுதல். 1959 ஆகஸ்டு 27இல் அவர் முதன்முறை ஆங்கிலக் கால்வாயில் முயன்றபோது வழிகாட்டிப் படகு 40 நிமிடம் தாமதமாக வந்தது. அத்தாமதத்தால் நீரோட்டத்தின் வேளை தவறியது. கரை கண்ணுக்குத் தெரிந்தும் எட்டவில்லை. செப்டம்பர் 29இல் மீண்டும் இறங்கி 16 மணி 20 நிமிடத்தில் கடந்து, அக்கால்வாயை நீந்திய முதல் ஆசியப் பெண்மணி ஆனார். வண்டி நேரத்துக்கு வாராமையின் விளைவு யாதென நம்மவருக்கு யான் சொல்ல வேண்டுவதில்லை.

பெண்களைப் பற்றிச் சொன்னதால் ஒரு குறையையும் மறையாது சொல்லிவிடுகிறேன். பட்டுத் தொப்பிக் கனவான்களின் படத்தில் ஒரு பெண்ணும் இல்லை. நீந்தும் இடத்தையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறாகப் பிரித்து வைத்த காலம் அது. தன் காலமெல்லாம் இடுப்பளவு நீரில் நின்று பிறரைக் காத்த மார்த்தாவின் ஊரிலேயே இந்நிலை. நல்ல சங்கங்களும் பாதி ஊரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுவதுண்டு. நம் சங்கத்தில் சமையற்கட்டுக்கு அப்பால் மகளிர் எத்தனை பேர் நிருவாகக் குழுவில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே மிகுதியாயின. பிரைட்டன் கடலில் இன்று ஆணும் பெண்ணும் சேர்ந்தே நீந்துகின்றனர்.

துறைமேடைகள் எல்லாம் நிலைக்கவில்லை. 1823இல் கட்டிய சங்கிலித் துறைமேடையை 1896 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று. ரெட்டிஷ் பாய்ந்த மேற்குத் துறைமேடை 1975இல் மூடப்பட்டு, 2003இல் தீக்கிரையாகி, இரும்பு எலும்புக்கூடாக நிற்கிறது. 1899இல் திறந்த அரண்மனைத் துறைமேடை ஒன்றே மிஞ்சியது. குளிர்கால மாலைகளில் அதைச் சூழ்ந்து மைனா இனப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வட்டமிடுவது கண்கொள்ளாக் காட்சி என்கின்றனர். சங்கம் மட்டும் தளரவில்லை. கடற்கரைச் சாலையின் அடியிலுள்ள வளைவறை ஒன்றே அவர்கள் கூடம். ஆண்டு முழுதும் காலையில் கூடுகிறார்கள். காற்றையும் ஓட்டத்தையும் பார்த்து இறங்குகிறார்கள். அலை மிகுந்தால் இறங்காமலே தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறார்கள்.

மாமா பணி ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போய்ச் சேர்ந்துவிட்டார். சென்ற தை மாதம் தொலைபேசியில் இக்கதைகளை அவருக்குச் சொன்னேன். ஒற்றைக் காலர் கடலில் தேநீர் படைத்ததை இருமுறை சொல்லச் செய்து கேட்டார். பிறகு, "அன்று அந்த நுலியாவுக்கு உங்கள் அப்பா என்ன கொடுத்தார், தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "இருபது ரூபாய். முதலிலேயே கொடுத்திருந்தால் ஐந்தோடு போயிருக்கும். அந்தப் பதினைந்தை அவன் சாகும் வரை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தானடா, தம்பி" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. "மாமா, இருக்கிறீர்களா?" என்றேன். "இருக்கிறேன், இருக்கிறேன்" என்றார்.