பிணையாக நின்ற ஊர்: புகலடைந்தோர் கைதும் விடுதலைக் கோரிக்கையும்

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரைச் சந்தித்தார். அதற்குச் சில நாட்கள் முன்பே திபெத்தியக் கவிஞரும் செயற்பாட்டாளருமான டென்சின் சுண்டுவை விழுப்புரம் மாவட்டக் காவல்துறை கைது செய்தது. சென்னையில் படித்துவந்த திபெத்திய மாணவர்களும் பிடிபட்டனர். அதே விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு மிக அருகே, தலாய் லாமா 1993இல் அடிக்கல் நாட்டி 2009இல் திறந்துவைத்த திபெத்தியப் பண்பாட்டு அரங்கம் ஆரோவில்லில் இருக்கிறது. இத்தகைய கைதுகளின்போது விடுதலை கோருவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன: அரசின் கருணையை வேண்டுவது, அல்லது அரசைச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வைப்பது. முதல் வழியில் கிடைக்கும் விடுதலை நிபந்தனைகளோடுதான் வரும் என்பதற்குப் புதுச்சேரியின் வரலாறே சான்று.

1908இல் 'இந்தியா' இதழின்மீது வழக்குப் பாய்ந்ததும் பாரதி இங்கே வந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். மூவரையும் காத்தது எந்த அகதிச் சட்டமும் அன்று. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பேரரசுகளுக்கு இடையே ஓடிய எல்லைக்கோடுதான். அந்தக் கோட்டைத் தாண்டிய உடனே, 1918 நவம்பர் 20 அன்று, பாரதி கடலூர் அருகே கைதானார். சிறையிலிருந்து ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவுக்கு விண்ணப்பம் எழுதினார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றோர் பரிந்து பேசினர். டிசம்பர் 14 அன்று விடுதலை கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலையை நாம் போதிய அளவு பேசுவதில்லை. திருநெல்வேலிப் பகுதியை விட்டு வெளியேறக் கூடாது, எழுதுவதைக் காவல்துறைக்குக் காட்ட வேண்டும் என்பவை நிபந்தனைகள். பத்தாண்டுகள் அயல் ஆட்சியின் நிழலில் தடையின்றிக் கவிதை எழுதியவர், தாய்மண்ணில் காலெடுத்து வைத்ததும் தணிக்கைக்கு உள்ளானார். 1920இல் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகே சென்னை சென்று மீண்டும் சுதேசமித்திரனில் பணியாற்ற முடிந்தது. பரிந்து பேசியவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அன்றிருந்த சட்டம் வேறு வாசலைத் திறந்து வைக்கவில்லை.

இதே ஊரில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. 1911இல் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் கொலைக்குப் பின் ஆங்கிலேயர் நெருக்கவே, வெளியாரைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிரெஞ்சுப் பகுதியில் வந்தது. தங்க விரும்புவோர் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐவரின் சான்றைக் காட்ட வேண்டும் என்றது அது. கலவை சங்கர செட்டியார் உள்ளிட்ட ஐவர் கையெழுத்திட முன்வந்தனர். அவர்கள் அதிகாரியிடம் இரக்கம் கேட்கவில்லை. சட்டம் கேட்ட நிபந்தனையை நிறைவேற்றிக் காட்டினர். கையெழுத்து சேர்ந்த பின் மறுக்கும் உரிமை அதிகாரிக்கு இல்லாமல் போயிற்று. விடுதலைப் பிரச்சாரத்துக்குப் புதுச்சேரி தரக்கூடிய பாடம் கடலூர்ச் சிறை விண்ணப்பத்தைவிட இந்த ஐந்து கையெழுத்துகளில்தான் இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அயல்நாட்டுத் தலைவரின் பாதுகாப்பு அரசின் கடமை. சுண்டு 2002இல் மும்பையிலும் 2005இல் பெங்களூரிலும் சீனப் பிரதமர்கள் வந்தபோது கட்டடங்கள்மீது ஏறி எதிர்ப்புத் தெரிவித்தவர். ஆகவே முன்னெச்சரிக்கைக் கைது நியாயமே என்பது வாதம். பாதுகாப்புக் கடமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்விரு முறையும் அவர் செய்தது உயரத்தில் நின்று எதிர்ப்புக் குரல் எழுப்பியது, யாருக்கும் காயமில்லை. குற்றத்தைத் தடுப்பதற்கான கைதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆம் பிரிவு அனுமதித்தது உண்மை. வேறு சட்டப் பிரிவின் தேவை இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கக் கூடாது என்று சொன்னதும் அதே பிரிவுதான். சுண்டுவோ அதிபர் நாடு திரும்பிய பிறகே வெளியே வந்தார்.

அகதிகளுக்கு அரசியல் பேசும் உரிமையே இல்லை என்பாரும் உண்டு. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே என்பது சரி. 21ஆம் பிரிவு எல்லா மனிதருக்கும் உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உறுதி செய்தது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற 22ஆம் பிரிவும் எதிரி நாட்டவரையும் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் பிடிபட்டோரையும் மட்டுமே விலக்குகிறது. திபெத்தியர் எதிரி நாட்டவர் என்று எந்த அரசும் சொன்னதில்லை. 1959 முதல் அவர்களை விருந்தினர் என்றே இந்தியா அழைத்துவருகிறது.

விருந்தினர் என்பது அன்பான சொல்தான், ஆனால் அது உரிமையாகாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2015இல் சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த புகலிட மசோதாவும் சட்டமாகவில்லை. விளைவைத் திருச்சி சிறப்பு முகாமில் பார்க்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் விடுவித்த இலங்கைத் தமிழர் நால்வர் சிறையிலிருந்து நேராக அங்கே அனுப்பப்பட்டனர். அவர்களில் சாந்தன் ஊர் திரும்பாமலே 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார். நீதிமன்றம் தந்த விடுதலையையே நிர்வாக ஆணை ஒன்று மீண்டும் காவலாக்க முடிந்தது.

ஆகவே அடுத்த கைதின்போது எழுதப்படும் மனுக்கள் 'கருணை கூர்ந்து' என்று தொடங்க வேண்டாம். எந்தப் பிரிவில் கைது, எத்தனை மணிக்குக் கைது, எந்த நடுவர் முன் நிறுத்தினீர்கள் என்ற கேள்விகளோடு அவை தொடங்கட்டும். புகலிடத்தால் பெயர் பெற்ற புதுச்சேரியின் சட்டமன்றம், அகதிகளுக்கு ஒரு மத்தியச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.