தரையில் ஓடிய இரும்புக் கப்பல்

எழுத்தாளனின் கற்பனை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். ஒரு சிறுகதையின் வரலாறு அக்கருத்தைப் பொய்ப்பிக்கின்றது.

1903ஆம் ஆண்டு டிசம்பரில், இலண்டனிலிருந்து வெளிவந்த 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் எச். ஜீ. வெல்ஸின் 'தரை இரும்புக் கப்பல்கள்' என்னும் கதை வெளியாயிற்று. பெயர் குறிக்கப்படாத இரு நாடுகள். அகழிகளுள் முடங்கிப்போன போர். ஒரு விடியற்காலையில், எண்பது முதல் நூறு அடி வரை நீண்ட கவச ஊர்திகள் அகழிகளைக் கடந்து வருகின்றன. நீராவியால் இயங்கும் அவற்றின் சக்கரங்களைச் சுற்றிலும் தட்டையான பாதங்கள் பொருத்தப்பட்டுள்ளன. டிப்ளொக் என்னும் பொறியியலாளர் ஆக்கிய 'பெட்ரெயில்' சக்கரத்தையே வெல்ஸ் தம் கதையில் எடுத்தாண்டார்.

ஆயினும் நம் கவனத்துக்குரியது சக்கரமன்று, உள்ளேயிருக்கும் மனிதனே. ஒவ்வொரு துப்பாக்கியாளனுக்கும் ஒரு சிற்றறை உண்டு. வெளியுலகின் பிம்பம் அவன் முன்னுள்ள மேசையில் விழுகின்றது. அதிற் குறியைப் பொருத்தி, வாயில் மின்மணியை அழுத்துவது போல ஒரு பொத்தானை அழுத்துகின்றான். எங்கோ ஒருவன் சாய்கின்றான். அழுத்தியவனிடம் வெறியில்லை, கந்தோரில் கணக்கெழுதும் எழுதுவினைஞனின் அமைதியே உண்டு.

1914இல் உண்மைப் போர் மூண்டது. பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவினர் கவசமிட்ட மோட்டார் வண்டிகளில் வேவு பார்த்தனர். அகழிகள் வெட்டப்பட்டதும் அவ்வண்டிகள் வீதியைத் தாண்ட முடியாது நின்றன. 1915 பெப்ரவரியில் சேர்ச்சில் 'தரைக்கப்பற் குழு'வை அமைத்தார். லிங்கன் நகரில் ட்ரிட்டனும் வில்சனும் வடிவமைத்த ஊர்தி, இரகசியம் காக்கும் பொருட்டுத் தண்ணீர்த் தாங்கி என்று சொல்லப்பட்டது. தண்ணீர் போயிற்று, தாங்கி என்ற பெயர் நிலைத்தது. 1916 செப்டெம்பர் 15ஆம் நாள் அது சோம் போர்க்களத்தில் இறங்கியது.

அந்த 28 தொன் உருக்கினுள் வெல்ஸ் கண்ட அமைதியான அறை இருக்கவில்லை. எட்டுப் பேர் நெருங்கியிருந்தனர். அதனைச் செலுத்தித் திருப்புவதற்கே நால்வர் வேண்டியிருந்தது. நடுவே மறைப்பற்ற இயந்திரம். அதன் வெப்பத்தாலும் நச்சுப்புகையாலும் வீரர் மயங்கி விழுந்தனர். கொல்ல ஏவப்பட்டவனும் அங்கே வெந்துகொண்டிருந்தான்.

வெல்ஸின் அறை பின்னர் வந்தது. 1994இல் முதன்முதலாகப் பறந்த 'பிரிடேட்டர்' என்னும் அமெரிக்க ஆளில்லா விமானம் வேவுக்கென்றே பிறந்தது. 2001இல் அதில் ஏவுகணை பொருத்தப்பட்டு, அவ்வாண்டே ஆப்கானிஸ்தானில் ஏவப்பட்டது. இயக்குபவன் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கின்றான். மேசைப் பிம்பம் திரையாயிற்று. பொத்தான் பொத்தானாகவே இருக்கின்றது.

இயந்திரத்தைக் குற்றவாளியாக்குவது எளிது. அதனை ஆக்குவித்தவர் யார், யாருடைய நலனுக்காக ஆக்குவித்தனர் என்று கேட்பதே வரலாறு. வெல்ஸின் கதையில் நாடுகளுக்குப் பெயரில்லை. வரலாற்றில் நாடுகளுக்குப் பெயருண்டு. திரையிற் சிறு புள்ளியாய்த் தோன்றி மறையும் மனிதனுக்கும் பெயருண்டு. நமது வகுப்பறைகளில் ஊர்தியின் நீளத்தையும் எடையையும் கூறும் நாம், அந்த மனிதனைக் கூறாது விடுவோமாயின், நாமும் அச்சிற்றறையிலேதான் அமர்ந்திருக்கின்றோம்.